திரையில் வீரர், ஏட்டில் வீரர்

(மும்பை சுனாபட்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் எந்த அளவுக்கு உண்மையாக இருக்க வேண்டும்? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். "சினிமா என்றால் கூட்டிக் குறைத்துத்தான் எடுப்பார்கள், இதற்கு ஒரு சொற்பொழிவா?" என்று சிலர் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும். பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.

நம் சோமையா மைதானம் ஆகட்டும், சிவாஜி பார்க் ஆகட்டும், ஆசாத் மைதானம் ஆகட்டும், மேட்ச் நடக்கும்போது எல்லோரும் பேட்ஸ்மேனைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரரைப் பாருங்கள். மடியில் நீளமான நோட்டு. ஒரு பாதி பேட்ஸ்மேன் கணக்கு, மறு பாதி பௌலர் கணக்கு. ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறு புள்ளியும் விழுந்துவிட்டால் அவற்றைக் கோட்டால் இணைத்து ‘எம்’ என்று ஆக்கிவிடுவார். அது மெய்டன் ஓவர். அம்பயர் சைகை காட்டினால் இவர் பதிலுக்குக் கையைத் தூக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த பந்து. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பாதியையும் கூட்டுவார். உதிரி ரன்களையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும். ஒரு ரன் உதைத்தாலும் மறுபடி முதல் ஓவரிலிருந்து பார்க்க வேண்டியதுதான். 1948இல் தொடங்கிய காங்கா லீக்கைக் கொட்டும் மழைக்காலத்தில் ஆடுகிற ஊர் இது. கூடாரம் ஒழுகினாலும் நோட்டு நனையாமல் பார்த்துக்கொள்கிற ஊர் இது.

ராஜாக்களின் வரலாற்றில் யார் சொல்வது சரி என்று காலம் முழுக்கச் சண்டை போடலாம். விளையாட்டில் அந்தச் சண்டைக்கு இடம் குறைவு. எந்த நாள், எதிரே யார், எத்தனை வினாடி, எத்தனை கோல், எல்லாம் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அப்படி இருந்தும் படத்தில் ஏன் மாறுகிறது? எதை மாற்றலாம்? எதைத் தொடவே கூடாது?

முதலில் சினிமாக்காரர்களுக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். ஐம்பது வருட வாழ்க்கையை இரண்டரை மணி நேரத்தில் அடக்க வேண்டும். நான்கு நண்பர்களை ஒரு நண்பராக்குவார்கள். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகளும் பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லை. வசனத்தைக் கற்பனையாகத்தான் எழுத முடியும். இதற்கெல்லாம் நாம் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை.

உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2014இல் வந்த ‘மேரி கோம்’ படத்தில், 2008 உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் அவர் குத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை நடக்கிறது. உண்மையில் அந்தச் சிகிச்சை நடந்தது 2011இல். அப்போதும் அவர் ஒரு போட்டிக்காகச் சீனாவில்தான் இருந்தார். ஆக, தாயின் தவிப்பு உண்மை. தேதிதான் இடம் மாறியது. இதை நான் மன்னித்துவிடுவேன். நீங்களும் மன்னித்துவிடுவீர்கள்.

ஆனால், நண்பர்களே, எல்லா மாற்றமும் இந்த வகையில் அடங்குமா?

2010 அக்டோபர், டெல்லி காமன்வெல்த் விளையாட்டு. பெண்கள் மல்யுத்தம், 55 கிலோ இறுதி. ஹரியானாவின் பலாலி கிராமத்திலிருந்து வந்த கீதா போகத் ஒரு பக்கம். ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டெட் மறுபக்கம். ஏடு என்ன சொல்கிறது? முதல் சுற்று 1-0. இரண்டாம் சுற்று 7-0. எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் கீதா முடித்துவிட்டார். 2016இல் வந்த ‘தங்கல்’ படம் என்ன சொல்கிறது? கடைசி நொடி வரை இழுபறி. கை நழுவிப் போகிற நேரத்தில் ஐந்து புள்ளிப் பிடி ஒன்று போட்டு ஜெயிக்கிறார். தியேட்டரில் நாமும் எழுந்து நின்றோம். விசில் அடித்தோம்.

சரி, இதில் என்ன நஷ்டம்? தங்கம் தங்கம்தானே? நஷ்டம் இருக்கிறது. அந்தப் பெண் அன்றைக்கு எவ்வளவு பலசாலியாக இருந்தாள் என்பதையே படம் குறைத்துவிட்டது. மல்யுத்தத்தில் காமன்வெல்த் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண், திணறி ஜெயிக்கவில்லை. தூக்கிப் போட்டு ஜெயித்தாள். 7-0 என்பது சும்மா வந்த எண்ணா? விடியற்காலை ஓட்டமும், மண்ணில் புரண்டதும், ஊர் பேசிய பேச்சும் சேர்ந்து வந்த எண் அது. வீராங்கனையை உயர்த்துவதாக நினைத்துக்கொண்டு ஒரு படி இறக்கிவிட்டார்கள்.

ஹாக்கிக்கு வாருங்கள். 1948 ஆகஸ்ட் 12, லண்டன் வெம்பிளி. சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட நிறையவில்லை. நேற்று வரை நம்மை ஆண்ட பிரிட்டனை அவர்கள் மண்ணிலேயே ஒலிம்பிக் இறுதியில் சந்திக்கிறோம். ஏடு என்ன சொல்கிறது? இந்தியா 4, பிரிட்டன் 0. ‘கோல்டு’ படத்தில் இதே இறுதியைக் கடைசி நிமிடம் வரை நகம் கடிக்க வைத்தார்கள். நான்குக்குப் பூஜ்யம் என்பதைவிடப் பெரிய கிளைமாக்ஸ் எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்? இருநூறு வருடக் கணக்கை ஒரு கோல்கூட வாங்காமல் தீர்த்திருக்கிறார்கள். அதைப் போய் இழுபறியாக்க எப்படி மனசு வந்தது?

இனி மில்கா சிங். 1960, ரோம் ஒலிம்பிக், 400 மீட்டர் இறுதி. நான்காம் இடம், 45.6 வினாடி. ‘பாக் மில்கா பாக்’ படம் அவரை உலகச் சாதனையாளராகவும் காட்டுகிறது. ஏடு என்ன சொல்கிறது? அமெரிக்காவின் லூ ஜோன்ஸ் 1956இலேயே 45.2 ஓடி வைத்துவிட்டார். ரோமில் ஓட்டிஸ் டேவிஸ் அதையும் முறியடித்து 44.9இல் தங்கம் வாங்கினார். உலகச் சாதனை மில்காவிடம் எந்த நாளிலும் இருந்ததில்லை.

அதனால் மில்கா குறைந்துபோனாரா? இன்னொரு வரியையும் ஏட்டில் பாருங்கள். ரோம் தொடங்குவதற்கு முன்னால் ஒலிம்பிக் சாதனை 45.9 வினாடி. மில்கா ஓடியது 45.6. பழைய ஒலிம்பிக் சாதனையைவிட வேகமாக ஓடியும் பதக்கம் கிடைக்கவில்லை! பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, அகதியாக டெல்லி வந்த பையன், உலகத்தின் மிக வேகமான பந்தயம் ஒன்றில் ஓடி, பத்தில் ஒரு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த ஓட்டம் 1998இல் பரம்ஜித் சிங் வரும்வரை இந்தியாவில் யாருக்கும் எட்டவில்லை. இந்த உண்மை போதாதா? பொய்ச் சாதனை ஒன்றைத் தைத்துப் போட வேண்டுமா?

ஏடே போதும் என்று நம்பிய படமும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும்.

1983 ஜூன் 18, உலகக் கோப்பை கிரிக்கெட். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற சின்ன ஊர். எதிரே ஜிம்பாப்வே. இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். கபில் தேவ் நின்றார். 138 பந்து, 16 பவுண்டரி, 6 சிக்சர், ஆட்டமிழக்காமல் 175. அந்த இன்னிங்ஸை இன்று யூடியூபில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அன்றைக்கு டிவி கேமரா அந்த மைதானத்தில் இல்லை. மிச்சம் இருந்தவை ஸ்கோர் புத்தகம், சில புகைப்படங்கள், பார்த்தவர்களின் வாய்மொழி. 2021இல் வந்த ‘83’ படக்குழு அதே மைதானத்துக்குப் போய் அந்த இன்னிங்ஸை மறுபடி ஆடிப் படமாக்கியது. நடிகர்களுக்குப் பந்து போடக் கற்றுக்கொடுத்தவர் யார்? அந்த உலகக் கோப்பையில் ஆடிய நம்ம மும்பை பல்விந்தர் சிங் சந்து. இறுதிப்போட்டியில் இரண்டு அணியிலும் சேர்த்து அதிக ரன் அடித்த ஸ்ரீகாந்தாக, அந்த 38 ரன்னுக்கு உரியவராக, நம் ஜீவா வந்தார்.

இங்கே பொறுப்பு எவ்வளவு கூடிவிடுகிறது என்று பாருங்கள். வீடியோ இருக்கிற ஆட்டத்தில் படம் பொய் சொன்னால் நாளைக்கே ஒருவர் பிடித்துவிடுவார். வீடியோ இல்லாத ஆட்டத்தில் படம்தான் இனி சாட்சி. பத்து வயதுப் பிள்ளைக்குக் கபிலின் 175 என்றால் படத்தில் கபிலாக நடித்த ரன்வீர் சிங் முகம்தான். எங்கே ஆதாரம் குறைவோ, அங்கே கை கூசவேண்டும். அங்கேதான் கவனம் கூட வேண்டும்.

இதுவரை எண்ணைப் பற்றிப் பேசினோம். இனி மனிதரைப் பற்றி.

ஸ்கோரை மாற்றினால் ஏடு பதில் சொல்லிவிடும். ஒரு மனிதரை வில்லன் ஆக்கினால் யார் பதில் சொல்வது? ‘தங்கல்’ படத்தில் தேசியப் பயிற்சியாளர் ஒருவர் வருகிறார். பொறாமைக்காரர். இறுதிப்போட்டி அன்று கீதாவின் அப்பாவை ஓர் அறையில் பூட்டி வைக்கக் காரணமாகிறார். அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை, திரைக்கதைக்காகச் சேர்த்தது. படத்தில் பெயரை மாற்றினார்கள், உண்மை. ஆனால் 2010இல் அந்தப் பதவியில் இருந்தவர் யார் என்பது மல்யுத்த உலகத்துக்குத் தெரியாதா? அன்றைக்குப் பயிற்சியாளராக இருந்த பி.ஆர். சோந்தி தன் மன வருத்தத்தைப் பத்திரிகைகளிடம் வெளிப்படையாகச் சொன்னார். கீதா பெயர் நிஜம், அப்பா பெயர் நிஜம், ஊர் நிஜம், போட்டி நிஜம். பழி மட்டும் கற்பனை. இது என்ன நியாயம்?

இந்த வியாதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று நினைக்காதீர்கள். 2005இல் ஹாலிவுட்டில் ‘சிண்ட்ரெல்லா மேன்’ என்று ஒரு குத்துச்சண்டைப் படம். 1935இல் ஜேம்ஸ் பிராடக், மேக்ஸ் பேர் என்ற சாம்பியனை வீழ்த்திய கதை. பிராடக் நல்லவர்; ஆகவே பேர் கெட்டவனாக இருந்தாக வேண்டும். மேடையில் ஆளைக் கொன்றதைப் பற்றிப் பல்லைக் காட்டிப் பேசுகிறவராக அவரைக் காட்டினார்கள். 1930இல் அவரோடு மோதிய பிராங்கி கேம்பெல் இறந்தது உண்மை. அதை நினைத்து மேக்ஸ் பேர் வருடக்கணக்காகத் தூக்கம் கெட்டுத் தவித்ததும் உண்மை. 1933இல் யூத நட்சத்திரம் தைத்த காற்சட்டையோடு மேடை ஏறி, ஜெர்மனியின் ஷ்மெலிங்கை வீழ்த்தியவரும் அவர்தான். படம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. மகன்தான் அப்பாவுக்காகப் பேச வேண்டியிருந்தது. செத்தவருக்கு மறுப்பு அறிக்கை விட வாய் ஏது?

இப்போது இன்னும் கஷ்டமான இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். எதிராளியைக் கறுப்படிப்பது ஒரு தப்பு. நாயகனுக்கு வெள்ளையடிப்பது? இரண்டில் அதுதான் பெரிய தப்பு என்பேன். ஏன் என்று இந்த மும்பையின் சொந்தக் கதை ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

பல்வாங்கர் பாலு. இந்தப் பெயர் இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாவிட்டால் தப்பு உங்களுடையது இல்லை, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. தோல் தொழில் செய்யும் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் பிட்ச் உருட்டவும், வலை கட்டவும் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். துரைகளுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டுப் போட்டே இடது கைச் சுழல் பந்தில் தேர்ந்தார். மதவாரியாக அணி பிரிந்து கிரிக்கெட் ஆடிய அந்தக் காலத்தில், இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. எப்படிச் சேர்த்துக்கொண்டது? மைதானத்துக்குள் அவர் கை பட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில், மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு மட்டும் வெளியே மண் குவளை.

1911இல் பட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே பாலு எடுத்தது 114 விக்கெட். நூற்றுப் பதினான்கு! அப்படிப்பட்டவருக்கு இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. இளம் அம்பேத்கர் பாலுவைப் பெரிதும் மதித்தார். அவரைப் பாராட்டிக் கூட்டங்களில் பேசியிருக்கிறார்.

இதுவரை கேட்கும்போதே படம் கண்ணில் ஓடுகிறதா? ஓடும். மண் குவளை ஒரு காட்சி. 114ஆவது விக்கெட் இடைவேளை. தம்பி கேப்டன் ஆகும்போது வாணவேடிக்கை. சுபம். ஆனால், நண்பர்களே, பாலுவின் வாழ்க்கை அங்கே முடியவில்லை. 1932இல் தலித்துகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் நின்றபோது, பாலு கூட்டு வாக்காளர் தொகுதியின் பக்கம் நின்றார். நம் சென்னைத் தலித் தலைவர் எம்.சி. ராஜாவும் அந்தப் பக்கம்தான். பிறகு, கூட்டு வாக்காளர் தொகுதியை ஏற்ற பூனா ஒப்பந்தத்தில் பாலுவும் கையெழுத்திட்டார். 1937 பம்பாய் சட்டசபைத் தேர்தலில் பாலுவைக் காங்கிரஸ் வேட்பாளராக நிறுத்தியது. எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? சாட்சாத் டாக்டர் அம்பேத்கர். சுமார் இரண்டாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் பாலு தோற்றார்.

இதைப் படத்தில் வைப்பார்களா? தாராவியில் அண்ணல் படத்தை வீட்டு நடுவில் மாட்டி வைத்திருக்கிற நமக்கே இது தொண்டையில் சிக்குகிறது. தயாரிப்பாளருக்குச் சிக்காதா? "எதற்கு வம்பு? 1923ஓடு படத்தை முடித்துவிடுவோம்" என்று யாராவது சொல்லத்தான் சொல்வார்கள். நான் கேட்கிறேன்: ஏன் முடிக்க வேண்டும்? மண் குவளையில் குடித்தவர் எந்த நம்பிக்கையில் காங்கிரஸ் பக்கம் போனார்? தன்னைக் கொண்டாடியவரையே எதிர்த்து நிற்க வேண்டி வந்தபோது அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும்? ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் இரண்டு வழி இருந்தது, இரண்டிலும் மானமுள்ள மனிதர்கள் நின்றார்கள் என்று காட்டினால், பார்க்கிற பிள்ளைகள் சிந்திக்கக் கற்றுக்கொள்வார்கள். அதை வெட்டி எறிந்தால் பாலுவுக்குச் சிலை கிடைக்கும்; நமக்குப் பாலு கிடைக்கமாட்டார்.

முத்தையா முரளிதரன் படத்துக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கண்டியைச் சேர்ந்த மலையகத் தமிழர். 1977 கலவரத்தில் அப்பாவின் பிஸ்கட் தொழிற்சாலை எரிந்ததைக் குழந்தையாகக் கண்டவர். 1995இல் மெல்போர்னில் அம்பயர் டாரல் ஹேர் ‘நோ பால், நோ பால்’ என்று ஏழு முறை கூவியதைத் தாங்கியவர். 2010 ஜூலையில் இலங்கையின் காலி நகர மைதானத்தில் 800ஆவது டெஸ்ட் விக்கெட். கதைக்கு என்ன குறை? ஆனாலும் ஈழப் போர் பற்றி அவர் எடுத்த நிலையை ஏற்காத தமிழர்கள் கொதித்தார்கள். 2020இல் விஜய் சேதுபதி விலகினார். வேறு நடிகரோடு 2023இல் ‘800’ வெளிவந்தது. அந்தக் கோபம் சரியா தவறா என்று இன்றைக்கு நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விக்கெட் எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை. "இந்த மனிதரின் எந்தப் பாதியைச் சொல்வீர்கள், எந்தப் பாதியை விடுவீர்கள்?" என்பதுதான் கேள்வியாக இருந்தது. சொல்லாமல் விட்டதும் வரலாற்றுப் பிழைதான் என்று தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, நமக்கே தெரிந்திருந்தது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. நேர்மையான வழி ஒன்றை நம் ஆட்களே காட்டியிருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். தாராவியில் இருக்கும் நம் நெல்லை, தூத்துக்குடி அண்ணாச்சிமார் பலருக்கு அவர் பெயரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் வாழ்க்கையின் தூண்டுதலில் 2025இல் மாரி செல்வராஜ் ‘பைசன்’ எடுத்தார். நாயகனுக்குக் கிட்டான் என்று பெயர் வைத்தார். பெயரை மாற்றியதும் பார்வையாளருக்குச் செய்தி போய்விடுகிறது: இது அந்த மண்ணின் கதை, அந்த மனிதரின் ஜாதகம் இல்லை. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வடசென்னைக் குத்துச்சண்டையைக் கற்பனை மனிதர்களை வைத்துச் சொன்னது. அதற்கே எம்.ஜி.ஆர். காலத்தைச் சரியாகக் காட்டவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள்! வரட்டும். கற்பனைப் பெயருக்குள் நிஜக் காலத்தைப் பற்றி விவாதம் நடப்பது ஆரோக்கியம்தான். பெயரை எடுத்துக்கொண்டால் கடனையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கற்பனை வேண்டுமென்றால் கற்பனைப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் எடுப்பவர்களிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, ஆட்டத்தின் முடிவைத் தொடாதீர்கள். வினாடியும் கோலும் புள்ளியும் அந்த வீரர் வியர்வை சிந்திச் சம்பாதித்த சொத்து. இரண்டு, வில்லன் தேவை என்பதற்காக உயிரோடிருப்பவர் மீதும் செத்தவர் மீதும் பழி போடாதீர்கள். வறுமை வில்லன் இல்லையா? சாதி வில்லன் இல்லையா? காயம் வில்லன் இல்லையா? மூன்று, படம் தொடங்கும்போது கண் சிமிட்டும் நேரத்தில் பொடி எழுத்தில் போடுகிற ‘யாவும் கற்பனையே’ அட்டையை நிறுத்துங்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, நடந்தது இது, நாங்கள் சேர்த்தது இது என்று வாசிக்கிற அளவில் போடுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

நமக்கும் வேலை இருக்கிறது. தம்பிகளே, தங்கைகளே, படம் பார்த்துவிட்டு வந்த இரவே அந்த ஆட்டத்தின் ஸ்கோரைத் தேடிப் பாருங்கள். உங்கள் சால் குடியிருப்பில், உங்கள் தெருவில் ஒரு காலத்தில் கபடி ஆடிய பெரியவர் இருப்பார். கேரம் ஆடிய அக்கா இருப்பார். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தேதியைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், தோற்ற ஆட்டத்தையும் கேளுங்கள். நாளைக்கு ஒருவர் அவர்களைப் பற்றிப் படம் எடுக்க வந்தால், கையில் கொடுக்க நம்மிடம் ஏடு இருக்க வேண்டும்.

பல்வாங்கர் பாலுவைப் பற்றி இந்தியில் படம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. வரட்டும், நூறு வருடம் தாமதம், ஆனாலும் வரட்டும். முதல் நாள் முதல் காட்சிக்குச் சுனாபட்டியிலிருந்தும் தாராவியிலிருந்தும் கூட்டமாகப் போவோம். மண் குவளை இருக்கிறதா என்று பார்ப்போம். 114 விக்கெட் இருக்கிறதா என்று பார்ப்போம். 1937 தேர்தல் இருக்கிறதா என்றும் பார்ப்போம். இருந்தால் எழுந்து நின்று கைதட்டுவோம். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று வெளியே வந்து உரக்கக் கேட்போம்.